எச் மதிப்பை எங்கிருந்து எடுப்பது? வெப்பச்சலன எல்லை நிபந்தனைக்கு நான்கு வழிகள்

வெப்பப் பகுப்பாய்வு மென்பொருளில் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்து 'கன்வெக்ஷன்' (வெப்பச்சலனம்) என்று கொடுத்தால் அது இரண்டே எண்களைக் கேட்கும். ஒன்று, எச் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் வெப்பப் பரிமாற்றக் குணகம். மற்றொன்று, அந்த முகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றின் அல்லது நீரின் வெப்பநிலை. இரண்டாவது பெரும்பாலும் கையில் இருக்கும். சிக்கல் முதலாவதில்தான். அடர்த்தி, கடத்துத்திறன் போல கையேட்டைப் புரட்டி எடுத்துக்கொள்ளும் பொருட்பண்பு அல்ல எச். பரப்பின் உயரம், அது பார்க்கும் திசை, காற்றின் வேகம், பரப்பின் வெப்பநிலை எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பரப்பின் வெப்பநிலையைக் கண்டுபிடிக்கத்தான் இந்த மாடலையே ஓட்டுகிறோம்.

எச்-ஐக் கொடுக்க நான்கு வழிகள் உண்டு: ஒரே மாறிலி, சூத்திரத்திலிருந்து எடுத்த அட்டவணை, ஒற்றைப் பரிமாணப் பாய்மக் கோடு (பாய்மம் என்றால் காற்று, நீர் போல ஓடுவது), முழு பாய்மக் கணிப்பு. கீழே வரும் எச் மதிப்புகள் எல்லாம் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட் என்ற அலகில்.

முதலில் ஒரு கைக்கணக்கு

எந்த வழி என்று யோசிக்கும் முன் கேட்க வேண்டியது: வெப்பம் வெளியேறும் பாதையின் மொத்தத் தடையில் பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தின் பங்கு எவ்வளவு?

20 மி.மீ. தடிமனுள்ள நுரைக் காப்புச் சுவரை எடுத்துக்கொள்வோம். கடத்துத்திறன் 0.035 என்றால் ஒரு சதுர மீட்டருக்கான தடை 0.57. வெளிப்பரப்பில் எச் 10 என்றால் படலத் தடை 0.10, எச்-ஐ 15 ஆக்கினால் 0.067. மொத்தம் 0.67-லிருந்து 0.64 ஆகிறது, அவ்வளவுதான். எச் மதிப்பில் 50 சதவீதம் தவறினாலும் வெப்ப இழப்பில் 5 சதவீதம்தான் பிசகும். இங்கே சூத்திரம் தேடி ஒரு நாளைச் செலவழிப்பது வீண்.

இதற்கு நேர்மாறு, காற்றில் நிற்கும் 3 மி.மீ. அலுமினியத் தகடு. பயோ எண் (உள்தடைக்கும் பரப்புத் தடைக்கும் உள்ள விகிதம்) 0.0001 அளவில் இருக்கும். தகட்டுக்குள் தடையே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தடை முழுவதும் பரப்பில்தான். எச் 20 சதவீதம் குறைந்தால் வெப்பநிலை உயர்வு 25 சதவீதம் கூடும். இந்த மாடலில் மெஷ்ஷை (வடிவத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையை) எவ்வளவு நுணுக்கினாலும் விடை நகராது. நகர்த்துவது எச் மட்டும்தான். இருந்தாலும் பலர் நேரத்தைக் கொட்டுவது மெஷ்ஷில்.

கைக்கணக்கு போட முடியாத வடிவம் என்றால், உத்தேச எச் மதிப்பில் ஒன்று, அதன் பாதியில் ஒன்று, இரு மடங்கில் ஒன்று என மூன்று ஓட்டங்கள் போதும். மூன்றிலும் பாகம் வெப்பநிலை வரம்புக்குள் இருந்தால் மாறிலியோடு வேலை முடிந்தது. ஒன்றில் தேறி மற்றொன்றில் தேறாவிட்டால்தான் அடுத்த வழிக்குப் போக வேண்டும்.

ஒரே எண்

இயல்பாக எழும் காற்றுக்கு 2 முதல் 25 வரை, விசிறி வைத்த காற்றுக்கு 25 முதல் 250 வரை, ஓடும் நீருக்குச் சில நூறிலிருந்து பல ஆயிரம் வரை என்று பாடநூல்கள் தரும் வரம்புகள் மிக அகலமானவை. ஆன்சிஸ் மெக்கானிக்கல் என்ற பகுப்பாய்வு மென்பொருளில் அசையாத காற்றுக்கு என்று தயாராக இருக்கும் எளிய தேர்வு 5 என்ற ஒற்றை எண்ணைப் போட்டுவிடுகிறது. அது எந்த உயரத்துக்கு, எந்த வெப்பநிலை வேறுபாட்டுக்கு என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

பெரிய ஓட்டை அந்த 5-ல் இல்லை, அது விட்டுவிடும் கதிர்வீச்சில் இருக்கிறது. 0.2 மீட்டர் உயரமும் அகலமும் உள்ள செங்குத்துத் தகடு, பரப்பு 80 டிகிரி, அறை 25 டிகிரி. இயல்பு வெப்பச்சலனத்தின் எச் சுமார் 5.3 வருகிறது. அதே தகட்டுக்கு வண்ணம் பூசி உமிழ்திறன் (பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பத்தைக் கதிர்வீசுகிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண்) 0.9 ஆக இருந்தால், கதிர்வீச்சை எச் வடிவில் மாற்றிப் பார்க்கும்போது 7.1. கதிர்வீச்சுதான் பெரிய பங்காளி! இரண்டு பக்கமும் சேர்த்து 0.08 சதுர மீட்டரில் காற்று எடுத்துச் செல்வது 23.5 வாட், கதிர்வீச்சு எடுத்துச் செல்வது 31 வாட். பளபளப்பான, உமிழ்திறன் 0.05 உள்ள வெற்று அலுமினியமாக இருந்தால் கதிர்வீச்சின் எச் 0.4-க்கு இறங்கிவிடும். ஆகவே காற்றுக்கு 10 போடுங்கள் என்று காலங்காலமாகக் கைமாறி வரும் எண் கதிர்வீச்சையும் சேர்த்ததா, சேர்க்காததா என்று கேட்காமல் வாங்கக்கூடாது. சேர்த்த எண்ணைப் போட்டுவிட்டு, அதே முகத்தில் கதிர்வீச்சு நிபந்தனையையும் தனியாகக் கொடுத்தால் ஒரே வெப்பம் இரண்டு முறை வெளியேறும். பாகம் நிஜத்தைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். அந்த விடையை யாரும் சந்தேகிக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் எல்லோரும் எதிர்பார்ப்பது அதைத்தான்.

அலகுப் பிழைக்கு அதிகம் இடம் கொடுப்பதும் இந்த வழிதான். அபாகஸ் மென்பொருளில் அலகு என்று எதுவும் கிடையாது; கொடுக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும். மி.மீ., டன், நொடி முறையில் மாடல் இருந்தால் ஆற்றல் மில்லிவாட்டில் வரும். அப்போது 10 என்ற எச் 0.01 ஆக வேண்டும், கடத்துத்திறனின் எண் மாறாது. மி.மீ.-ஐ வாட்டோடு கலந்து பயன்படுத்தினால் எச் 0.00001, கடத்துத்திறன் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு முறையின் எச்-ஐ மற்றொரு முறையின் கடத்துத்திறனோடு கலந்தால் ஆயிரம் மடங்கு பிழை. நல்லவேளையாக இது கண்ணில் படும் பிழை: பாகம் முழுவதும் அறை வெப்பநிலையில் ஒட்டிக்கொள்ளும், அல்லது பல ஆயிரம் டிகிரிக்குப் போகும்.

கண்ணில் படாத பிழை, முகங்களைத் தேர்ந்தெடுப்பதில் வருவது. வெளி முகங்கள் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் எடுக்கும்போது, போல்ட் துளையின் உட்சுவர், இரண்டு பாகங்கள் ஒட்டும் முகம், பசை நிரம்பிய இடுக்கு எல்லாம் பட்டியலில் சேர்ந்துவிடும். மாடலில் அவற்றுக்கும் காற்று பட ஆரம்பிக்கும். மூடிய குறுகிய இடுக்குகளுக்கும் கன்வெக்ஷன் கொடுக்கக்கூடாது. 4 மி.மீ. காற்றிடுக்கில் 20 டிகிரி வேறுபாட்டுக்கு ராலே எண் (சூட்டால் காற்று தானாக நகரும் போக்கின் அளவுகோல்) 80 அளவில்தான் வரும். கிடையான இடுக்கைக் கீழிருந்து சூடாக்கினால்கூட 1708-ஐத் தாண்டினால்தான் காற்று சுழலத் தொடங்கும். எனவே அந்தக் காற்றை 0.027 கடத்துத்திறன் உள்ள திடப்பொருளாக வரைந்துவிடுவதே சரி.

சூத்திரமும் அட்டவணையும்

காற்றில் தானாகக் குளிரும் உலோகப் பாகங்களுக்குப் பெரும்பாலும் இந்த வழிதான் பொருந்தும். செங்குத்துத் தகட்டுக்கு 1975-ல் சர்ச்சில், சூ இருவரும் தந்த சூத்திரம் இன்றும் போதுமானது. அதே 0.2 மீட்டர் தகட்டுக்கு, 25 டிகிரி அறையில், பரப்பு 40 டிகிரியில் எச் சுமார் 4.0, 80 டிகிரியில் 5.3, 120 டிகிரியில் 6.0. மாற்றம் மெதுவானது; வேறுபாட்டின் நாலாம் மூலத்தைத்தான் எச் பின்தொடர்கிறது. ஆனால் திசையின் விளைவு அப்படிச் சின்னது அல்ல. கிடைத்தகட்டில் சூடான முகம் மேலே பார்த்தால் நசல்ட் எண்ணுக்கு (எச்-ன் அலகற்ற வடிவம்) பெருக்கும் எண் 0.54, கீழே பார்த்தால் பழைய சூத்திரத்தின்படி 0.27. ஒரு பெட்டியின் ஆறு முகங்களுக்கும் ஒரே எச் கொடுப்பவர்கள் அடிமுகத்துக்கு இரண்டு மடங்கு தானம் செய்கிறார்கள்.

காம்சால் மென்பொருளில் செங்குத்துச் சுவர், சாய்ந்த சுவர், கிடைத்தகட்டின் மேல்பக்கம், கீழ்பக்கம், கிடையான உருளை, கோளம் என்று இந்தச் சூத்திரங்கள் உள்ளேயே இருக்கின்றன. நீளம் மட்டும் நாம் தர வேண்டும். தவறு நடப்பதும் அங்கேதான்: செங்குத்துச் சுவருக்கு உயரம் வேண்டும், கிடைத்தகட்டுக்குப் பரப்பளவைச் சுற்றளவால் வகுத்தது வேண்டும். 0.2 மீட்டர் சதுரத் தகட்டுக்கு இது 0.05 மீட்டர், 0.2 அல்ல. ஆன்சிஸிலும் அபாகஸிலும் அட்டவணையை நாமே தயாரித்து ஊட்டுவது வழக்கம். அப்போது ஒரு கேள்வி வரும்: அட்டவணையின் முதல் நெடுவரிசை எந்த வெப்பநிலை?

ஆன்சிஸ் மெக்கானிக்கல் நான்கு விதமாகப் படிக்கும்: பாய்மத்தின் வெப்பநிலை, பரப்பின் வெப்பநிலை, இரண்டின் சராசரியான படல வெப்பநிலை, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. அபாகஸின் அட்டவணை பரப்பின் வெப்பநிலையைக் கொண்டு படிக்கப்படும். வேறுபாட்டை வைத்துத் தயாரித்த அட்டவணையைப் படல வெப்பநிலை என்று சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும்? 40 டிகிரி பரப்பில் வேறுபாடு 15, படல வெப்பநிலை 32.5. மென்பொருள் 15-க்கான வரிக்குப் பதில் 32.5-க்கான வரியைப் படித்து, 4.0-க்குப் பதில் 4.7 அளவில் எடுத்துக்கொள்ளும். அறை 25 டிகிரியாக இருக்கும்போது பரப்பு சரியாக 75 டிகிரிக்கு வந்தால் வேறுபாடும் 50, படல வெப்பநிலையும் 50! அங்கே பிழை பூஜ்யம். யாராவது 75 டிகிரியை ஒட்டிய ஒரே புள்ளியில் சோதனை அளவோடு ஒப்பிட்டு 'மாடல் சரி' என்று முத்திரை குத்திவிட்டால், இந்தத் தவறு மாடலோடு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

அட்டவணையின் முதல் வரியில் வேறுபாடு பூஜ்யம், எச் பூஜ்யம் என்று எழுதுவதும் வம்பு. தொடக்க வெப்பநிலையும் அறை வெப்பநிலையும் ஒன்றாக இருந்தால் நிலைத்த கணக்கின் முதல் சுற்றில் வெப்பம் வெளியேற வழியே இருக்காது. சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) தடுமாறி நின்றுவிடும், அல்லது முதல் சுற்றிலேயே அபத்தமான வெப்பநிலைக்குத் தாவும். முதல் வரியில் 1 அல்லது 1.5 என்று ஒரு தரை வைத்துவிட்டால் போதும். பரப்பு சூடேறிய பிறகு அந்த வரியை யாரும் தொடப்போவதில்லை. கடைசி வரியும் கவனிக்கத்தக்கது: அட்டவணை 100 டிகிரியில் முடிந்து பரப்பு 140-க்குப் போனால், மென்பொருள் கடைசி எண்ணையே பிடித்துக்கொள்ளும், எச்சரிக்கை எதுவும் வராமல் போகலாம்.

விசிறிக் காற்றுக்கும் சூத்திரம் உண்டு. ஆனால் அது தரும் சராசரிக்குள் ஒரு சமாச்சாரம் மறைந்திருக்கிறது. 0.2 மீட்டர் தட்டைத் தகட்டின் மேல் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று ஓடினால் சராசரி எச் 15. காற்று நுழையும் விளிம்பிலிருந்து 20 மி.மீ. தள்ளி உள்ளூர் மதிப்பு 24, வெளியேறும் விளிம்பில் 7.5. தடித்த அலுமினியத்தில் வெப்பம் பக்கவாட்டில் பரவி இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்படுத்திவிடும், சராசரியே போதும். கடத்தாத மின்சுற்றுப் பலகையில் வெளியேறும் விளிம்பருகே ஒரு சிப் இருந்தால், 15 என்ற சராசரி அதைப் பாதி சூட்டில்தான் காட்டும். அங்கே எச்-ஐ இடத்தின் சார்பாக, விளிம்பிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதமாகக் கொடுக்க வேண்டும்.

துடுப்புகள் உள்ள ஹீட் சிங்க் (சூட்டைக் காற்றுக்குக் கடத்திவிடும் உலோகப் பாகம்) இந்த வழியின் எல்லைக்கோடு. துடுப்புகளை வரையாமல் அடித்தகட்டுக்கு மட்டும் பெரிய எச் கொடுக்கலாம்: துடுப்புப் பரப்பு அடிப்பரப்பைப் போல 12 மடங்கு, துடுப்புத் திறன் (துடுப்பு முழுதும் அடியின் வெப்பநிலையிலேயே இருந்தால் வெளியேறும் வெப்பத்தில் உண்மையில் வெளியேறும் பங்கு) 0.95, எச் 6 என்றால், அடித்தகட்டுக்கு 68. ஆனால் அந்த 6 தனித்து நிற்கும் தகட்டின் எண். துடுப்பு இடைவெளி சில மி.மீ.க்குக் கீழே போனால் எதிரெதிர்ப் படலங்கள் ஒட்டிக்கொள்ளும், எச் சரிந்துவிடும். கதிர்வீச்சும் அப்படித்தான்: உள்முகங்கள் அறையைப் பார்ப்பதைவிட ஒன்றையொன்று பார்ப்பதே அதிகம். அதனால் 12 மடங்குப் பரப்புக்கும் 7.1 சேர்ப்பது பெரும்பிழை. ஹீட் சிங்கின் வெளி உறைக்கு மட்டும் சேர்ப்பது உண்மைக்கு நெருக்கம்.

பாய்மக் கோடு

குழாய்க்குள் நீரோ எண்ணெயோ ஓடும்போது, பாய்மத்தின் வெப்பநிலையே வழியெங்கும் மாறிக்கொண்டு போகும். அதை ஒரே எண்ணாகக் கொடுக்க முடியாது. ஆன்சிஸில் ஃப்ளூயிட்116 எலிமென்ட் (எலிமென்ட் என்பது மெஷ்ஷின் ஒரு துண்டு), அபாகஸில் கட்டாய வெப்பச்சலன எலிமென்ட்கள் இதற்காகவே இருக்கின்றன. குழாயின் நடுக்கோட்டில் ஒரு கோடு வரைந்து, ஓட்ட அளவையும் எச்-ஐயும் கொடுத்து, குழாய்ச் சுவரோடு இணைத்துவிட்டால், நீர் எங்கே எவ்வளவு சூடாகிறது என்பதை மென்பொருளே கணக்கிடும்.

8 மி.மீ. உள்விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள கால்வாய், அதில் இறங்கும் வெப்பம் 500 வாட். நிமிடத்துக்கு 2 லிட்டர் நீர் ஓடினால் நீர் 3.6 டிகிரிதான் ஏறும். இந்த அளவுக்குக் கோடே தேவையில்லை, சராசரி நீர் வெப்பநிலையைக் கொடுத்துவிடலாம். ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) 6,600 அருகே. நீலின்ஸ்கி சூத்திரம் எச் சுமார் 3,700 தரும். சுவருக்கும் நீருக்கும் இடையே 5 டிகிரி வேறுபாடு. இப்போது ஓட்டத்தை அரை லிட்டராகக் குறைத்துப் பார்ப்போம். நீர் 14 டிகிரிக்கு மேல் ஏறும். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, ரெனால்ட்ஸ் எண் 1,650 ஆகி ஓட்டம் சீரோட்டமாக மாறுவது. முழுதும் வளர்ந்த சீரோட்டத்துக்கு எச் 335. ஒரு மீட்டர் குழாயில் நுழைவு விளைவைச் (குழாயின் தொடக்கத்தில் எச் கூடுதலாக இருப்பதை) சேர்த்தால் 500 அளவில். சுவருக்கும் நீருக்கும் இடையே 40 டிகிரி. ஓட்டம் கால்பங்கானது, எச் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. 'ஓட்டம் குறைந்தாலும் பரவாயில்லையா' என்று மாடலைக் கேட்பவர்கள் ஓட்ட அளவை மட்டும் மாற்றிவிட்டு எச்-ஐ 3,700-லேயே விட்டுவிடுவதுதான் இந்த வழியில் அடிக்கடி நடக்கும் தவறு. ஓட்ட அளவை மாற்றினால் எச்-ஐயும் புதிதாகக் கணக்கிட்டாக வேண்டும். 2,300-க்கும் 4,000-க்கும் இடைப்பட்ட ரெனால்ட்ஸ் எண்களில் எந்தச் சூத்திரத்தையும் நம்பாமல் இரண்டு பக்கத்து மதிப்புகளையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

முழு பாய்மக் கணிப்பு

காற்று எந்த வழியாகப் போகிறது என்பதே தெரியாதபோது, அதாவது விசிறி, மின்சுற்றுப் பலகைகள், கம்பிக்கட்டுகள் நிறைந்த பெட்டியில், சூத்திரங்கள் கைவிட்டுவிடும். திடத்தையும் பாய்மத்தையும் சேர்த்தே தீர்க்க வேண்டும், அல்லது பாய்மத்தைத் தனியே தீர்த்து எச்-ஐ இடம் வாரியாக வெப்ப மாடலுக்கு மாற்ற வேண்டும். செலவு சும்மா இல்லை: சுவரருகே மிக மெல்லிய அடுக்கு மெஷ் வேண்டும், கொந்தளிப்பு மாதிரியின் தேர்வு வேண்டும், ஒவ்வொரு ஓட்டமும் நிமிடங்களிலிருந்து மணிக்கணக்குக்கு நீளும். மெஷ் கரடாக இருந்தால், நல்ல சூத்திரத்தைவிட மோசமான எச்-ஐ அழகான வண்ணப்படமாகத் தரும்.

எச்-ஐ மாற்றும்போது ஒரு கண்ணி இருக்கிறது. எச் என்பது வெப்பப் பாயத்தை (ஒரு சதுர மீட்டர் வழியே போகும் வெப்பத்தை), சுவர் வெப்பநிலைக்கும் ஒரு குறிப்பு வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தது. ஃப்ளூயன்ட் என்ற பாய்மக் கணிப்பு மென்பொருளில் அந்தக் குறிப்பு வெப்பநிலை, நாம் மாற்றாவிட்டால், 288.16 கெல்வின், அதாவது 15 டிகிரி. அந்த எச்-ஐ எடுத்து வெப்ப மாடலில் 25 டிகிரி காற்றோடு சேர்த்தால், 80 டிகிரிச் சுவரில் 65-ஆல் வகுத்த எண்ணை 55-ஆல் பெருக்குகிறோம். வெளியேறும் வெப்பத்தில் 15 சதவீதம் காணாமல் போய்விடும். எச்-ஐ எந்தக் குறிப்பு வெப்பநிலையில் எடுத்தோமோ அதையே பாய்ம வெப்பநிலையாகவும் கொடுக்க வேண்டும். குறிப்பு வெப்பநிலை சுவருக்கு மிக அருகே அமைந்த இடங்களில் எச் பிரம்மாண்டமாகவோ எதிர்மமாகவோ வரும். எதிர்ம எச் உள்ள புள்ளிகளை மாற்றும் முன்பே வடிகட்ட வேண்டும்.

எச்-ஐ விட்டுவிட்டு வெப்பப் பாயத்தை மட்டும் மாற்றினால் என்ன? எல்லா முகங்களிலும் பாயம் மட்டும் இருந்தால் நிலைத்த கணக்கில் வெப்பநிலைக்குக் கால் ஊன்ற இடமில்லை, சால்வர் நின்றுவிடும். அப்படி நிற்காவிட்டாலும், பாயம் சுவர் வெப்பநிலையோடு வேகமாக மாறும், எச் அவ்வளவு மாறாது. ஆகவே எச்-ஐயும் குறிப்பு வெப்பநிலையையும் ஜோடியாகக் கொண்டுபோய், வெப்ப மாடல் தரும் சுவர் வெப்பநிலையைப் பாய்மக் கணிப்புக்குத் திருப்பி அனுப்பி, இரண்டு மூன்று சுற்று ஓட்டினால் விடை அனேகமாக மாறாமல் நிலைத்துவிடும்.

நான்குக்கும் பொதுவானவை

நேரத்தோடு மாறும் கணக்கில், எச்-ம் பாய்ம வெப்பநிலையும் முதல் நொடியிலேயே முழுதாக வருகின்றனவா, படிப்படியாக ஏறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சூடான இரும்பை நீரில் முக்குவதை, 10 நொடியில் மெல்ல ஏறும் நிபந்தனையாகக் கொடுத்தால், முதல் இரண்டு நொடிகளின் வெப்ப அழுத்தம் காணாமலேயே போய்விடும். எல்லாவற்றையும் ஒரே நொடியில் கொடுத்துவிட்டு நேரப்படியை மிகவும் சிறிதாக்கினால் வேறு கோளாறு: பரப்புக்குச் சற்று உள்ளே உள்ள புள்ளிகளின் வெப்பநிலை தொடக்க வெப்பநிலையைவிட மேலே எகிறும். இரண்டாம் படி எலிமென்ட்களில் (பக்கங்களின் நடுவிலும் புள்ளி உள்ளவை) இதைத் தவிர்க்க, நேரப்படி அடர்த்தி, தன்வெப்பம், எலிமென்ட் நீளத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி, கடத்துத்திறனின் ஆறு மடங்கால் வகுத்த அளவுக்குக் கீழே போகக்கூடாது. எஃகுக்கு, 2 மி.மீ. எலிமென்ட்டில், இது 0.056 நொடி. அதைவிடச் சிறிய நேரப்படி வேண்டுமென்றால் பரப்பருகே எலிமென்ட்டையும் சிறிதாக்க வேண்டும்.

ஒரே மாடலில் நான்கு வழிகளையும் கலக்கத் தடை இல்லை. குளிர்நீர்த் தகட்டுக்குள் பாய்மக் கோடு, வெளி உறைக்கு அட்டவணை, காப்புப் போர்த்திய பின்பக்கத்துக்கு மாறிலி என்று போடலாம். ஓட்டம் முடிந்ததும் முகம் வாரியாக வெளியேறும் வெப்பத்தைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பாருங்கள். மேலே சொன்ன தகட்டுக்குள் 54.7 வாட் கொடுத்திருந்தால், காற்றும் கதிர்வீச்சும் சேர்ந்து 54.7 வர வேண்டும். கூட்டல் சரியாக இருந்தும், காற்றின் பங்கு 23-க்குப் பதில் 40 என்று வந்தால், பரப்பளவைப் பாருங்கள்: துளைச் சுவரோ ஒட்டுமுகமோ பட்டியலில் நுழைந்திருக்கும்.